பிரேக் மாஸ்டர் மலையேறிய கதை

மழைக்காலம் வந்துவிட்டால் குடை விற்கிறவருக்குச் சிரிப்பு, வீடு கட்டுகிறவருக்கு அழுகை. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவருக்கோ விடுமுறை. லைசென்ஸ் தேர்வு நடக்கும் மைதானம் குளமாகிவிடும். அதில் வாத்துகள் மட்டும் அழகாக ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும். “மழையிலதாங்க ஓட்டப் பழகணும்” என்று தொண்டை வறளச் சொன்னாலும் ஒரு மாணவரும் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார்.

அப்படி ஒரு ஸ்கூலுக்கு முதலாளி, ஆசிரியர், வண்டி கழுவுகிறவர் மூன்றும் ஒருவரே. ஊர் அவருக்கு வைத்த பெயர் பிரேக் மாஸ்டர். பழகுகிறவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பார். அவர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். தெருவைக் கடக்கலாமா வேண்டாமா என்று ஒரு நாய் யோசிக்க ஆரம்பித்தாலே போதும், மாஸ்டரின் கால் பிரேக்கில் இறங்கிவிடும். ஒருமுறை சினிமாவில் கார் துரத்தும் காட்சி வந்தபோது, முன் வரிசையில் இருந்த பெரியவரின் முதுகில் உதை விட்டு, இடைவேளையில் அவருக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டவர்.

பழக்கம் எந்த அளவுக்கு ஊறிப்போனது என்றால், தனியாக வண்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போகக் கிளம்பினாலும் கால் தானாகப் பக்கத்து சீட்டுக் கதவுக்கே போகும். உட்கார்ந்து, பெல்ட் போட்டு, “ம், எடுங்க” என்று சொன்ன பிறகுதான் ஓட்ட ஆளில்லை என்பது உறைக்கும். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு இறங்கி மறுபக்கம் போவார்.

ஸ்கூலின் ஆபீஸ் என்பது வீட்டு முன்னறைதான். ஒரு மேஜை, ஒரு போன், சாலைக் குறியீடுகள் அச்சடித்த பெரிய தாள், அதன் பக்கத்தில் என்றைக்கோ காலாவதியான ஒரு காலண்டர் பக்கம். அந்தப் பக்கத்தில் ஒரு மலை, மலைச்சரிவில் ஒரு வீடு, திறந்திருக்கும் அதன் ஜன்னலுக்குள் நுழையும் வெள்ளை மேகம். தேதிகள் செல்லாமல் போய் எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தப் படத்தைக் கழற்ற மாஸ்டரம்மா விடவில்லை.

மாஸ்டரம்மா அவருடைய மனைவி. இந்த ஸ்கூலின் முதல் மாணவியும் அவள்தான். புதிதாய் போர்டு மாட்டியபோது ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. “யாராவது பழகுறதைப் பார்த்தாத்தானே நாலு பேர் வருவாங்க” என்று அவளே ஸ்டியரிங்கைப் பிடித்து ஊரைச் சுற்றி வந்தாள், லைசென்ஸும் வாங்கினாள். பிறகு மாணவர்கள் வந்து வண்டியை நிறைத்துக்கொண்டார்கள். அவள் போன் மேஜைக்குப் போய்விட்டாள். பயந்து பயந்து விசாரிப்பவர்களிடம் அவள் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: “தைரியமா வாங்க. எங்க வீட்டுக்காரருக்குப் பயம்னா என்னன்னே தெரியாது.”

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் பாருங்கள், அந்த வெளிச்சத்துக்காகவே மாஸ்டர் உயிரைக் கொடுப்பார்.

அன்று மத்தியானம், ஜன்னல் கம்பிகளில் மழை சொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் தலைமேல் இடி இறங்கியது.

“என்னங்க, ரூம் சொல்லிட்டேன்.”

“எந்த ரூம்?”

“மலையில. ரெண்டு ராத்திரி. பள்ளத்தாக்கைப் பார்த்த மாதிரி ஜன்னல் இருக்கணும்னு கறாரா சொல்லிட்டேன். மேகம் உள்ள வருமான்னு கேட்டேன். மழைக்காலத்துல வேண்டாம்னாலும் வரும்னான் அங்க போன் எடுத்த தம்பி.”

மாஸ்டரின் டீ டம்ளர் உதட்டுக்குப் போகாமல் பாதி வழியில் நின்றது.

“மழையில எதுக்கும்மா மலைக்கு? வெயில் காலத்துல...”

“வெயில் காலத்துல உங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்கா? நமக்கு லீவு வாத்துங்க மைதானத்துல இறங்கினாத்தான். வர்ற வெள்ளிக்கிழமை கிளம்பறோம். இந்த வருஷம் எந்தச் சாக்கும் செல்லாது, சொல்லிட்டேன்.”

சாக்கு! அந்தச் சொல் மாஸ்டரின் நெஞ்சில் தைத்தது. ஏனென்றால் அது உண்மை. ஒரு வருஷம் எஞ்சினில் ஏதோ சத்தம் என்றார். அந்தச் சத்தம் அவர் காதுக்கு மட்டும் கேட்டது. அடுத்த வருஷம் பல் வலி என்று சொல்லி, சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதற்காக நல்ல பல் ஒன்றையே பிடுங்கிக்கொண்டார். போன வருஷம் மண் சரிவுச் செய்தி தேடி நாள் பூராவும் பேப்பர் படித்தார்.

காரணம் ஒன்றே ஒன்று. உலகத்தில் யாரிடமும் அவர் சொல்லாதது. பிரேக் மாஸ்டருக்கு உயரம் என்றால் பயம். ஸ்டூலில் ஏறினால் தலை சுற்றும். வீட்டில் பல்பு மாற்றுவது மாஸ்டரம்மாதான். மாஸ்டர் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, “மெதுவா, வலது பக்கமா திருப்பு, அவசரப்படாதே” என்று பாடம் நடத்துவார். மேஜைபோல் தட்டையான ஊர் அது. அங்கே இருக்கிற பெரிய மேடே வேகத்தடைதான். அந்த ஊரில் பிறந்தது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று அவர் எத்தனையோ முறை நினைத்ததுண்டு.

மலைப்பாதையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். அந்த விளிம்பில் கை நடுங்கி வண்டியை நிறுத்திவிட்டால்? மனைவியின் கண்ணெதிரே, மகளின் கண்ணெதிரே? போனில் அவள் சொல்லும் அந்த வாசகம் என்ன ஆகும்? அந்த முகத்தின் வெளிச்சம்?

வேண்டாம், நினைக்கவே வேண்டாம்!

மறுநாள் காலை கடைசி முயற்சியாக ஆரம்பித்தார். “வைப்பர் சரியில்லைம்மா. கண்ணாடி துடைக்காம மழையில மலையேறக் கூடாது.”

அவள் உடனே ஒரு போன் போட்டாள். டயர் கடை வைத்திருக்கும் அவள் தம்பி, நனைந்த சட்டையும் புது வைப்பருமாக வாசலில் வந்து நின்றான். ஆள் குள்ளம், வாய் மட்டும் ஆறடி.

“என்ன மாமா, வைப்பர் சரியில்லையாம்? இந்தாங்க, புதுசு. அக்கா சொல்லிச்சு, டயரையும் பார்த்துட்டேன். பிரேக் ஆயிலும் மாத்திட்டேன். இன்னும் ஏதாவது சாக்கு மிச்சம் இருந்தா மொத்தமா சொல்லிடுங்க, திரும்பத் திரும்ப மழையில வர முடியாது.”

“சாக்கா? யாருடா மாப்ள சாக்கு சொன்னது? பாதுகாப்பு விஷயம்டா.”

“பாதுகாப்புக்கு ஏன் மாமா வேர்க்குது? மழை பெய்யுது, ஃபேன் வேற ஓடுது.”

கல்லூரியில் படிக்கும் மகள் போனைப் பார்த்துக்கொண்டே குறுக்கிட்டாள். “அப்பா, வெள்ளிக்கிழமை மலையில லேசான தூறல்தான். பாதை திறந்திருக்காம். மண் சரிவு எதுவும் இல்லை. தேடிப் பார்த்துட்டேன், நீங்க தேட வேண்டாம்.”

“பஸ்ல போனா சாவகாசமா இயற்கையைப் பார்க்கலாமே” என்று மாஸ்டர் ஈனக்குரலில் சொன்னார்.

மாஸ்டரம்மா இடுப்பில் கை வைத்தாள். “ஊருக்கே வண்டி ஓட்டக் கத்துக்குடுத்தவர் பொண்டாட்டி பஸ்ல தொத்திக்கிட்டுப் போறதா? நம்ம வண்டியிலதான் போகணும். மேல ‘எல்’ போர்டோட.”

முடிந்தது. எல்லாக் கதவும் அடைபட்டது. அன்றிரவு படுக்கையில் புரண்ட மாஸ்டர் ஒரு முடிவுக்கு வந்தார். ஊருக்கே பழக்கியவர், தன்னைத்தானே பழக்கிக்கொள்ள வேண்டியதுதான்!

மலை இல்லாத ஊரில் மலைப் பழக்கத்துக்கு எங்கே போவது? கடைத்தெருவில் புதிதாக எழும்பிய பெரிய வணிகக் கட்டடம் நினைவுக்கு வந்தது. அதில் வண்டி நிறுத்த அடுக்கடுக்காய் மாடிகள். ஒவ்வொரு மாடிக்கும் சுருண்டு சுருண்டு ஏறும் சரிவுப் பாதை. விடிந்ததும் விடியாததுமாக, “வண்டிக்குக் காத்து அடிச்சுட்டு வரேன்” என்று கிளம்பினார்.

கிளம்பும்போதே ஒரு விசித்திரம். டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததும் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட்டை யாரோ முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். “இந்தக் குள்ளப் பய வேலையா?” என்று மச்சினனைத் திட்டிக்கொண்டே பின்னால் தள்ளினார்.

முதல் மாடி ஏறினார். பரவாயில்லை. இரண்டாவது மாடியில் உள்ளங்கை ஈரமானது. அதற்கு மேலே கைப்பிடிச் சுவருக்கு அப்பால் கடைத்தெரு சிறுத்துத் தெரிந்தது. குடைகள் எல்லாம் பொத்தான்கள்போல் கிடந்தன. மாஸ்டர் கண்ணை இறுக்கிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டக்கூடாது என்பது அவருடைய முதல் நாள் பாடம்! கை பிரேக்கை இழுத்துவிட்டு ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்தார். பிறகு ரிவர்ஸ் கியரிலேயே, ஊர்ந்து ஊர்ந்து, இறங்கி வந்தார்.

கீழே காவலாளி டார்ச்சோடு நின்றிருந்தார். கண்ணுக்குள் சிரிப்பு. “என்ன மாஸ்டர், உங்க ஸ்கூல் வண்டிக்கு எங்க மாடி ரொம்பப் பிடிச்சுப்போச்சு போல?”

கிண்டல் என்று நினைத்து மாஸ்டர் விறைப்பாகச் சொன்னார்: “புது வைப்பர். சோதனை ஓட்டம்.”

“நல்லா சோதிங்க, நல்லா சோதிங்க” என்றார் காவலாளி. அந்தச் சிரிப்பு மட்டும் அடங்கவில்லை.

அடுத்த நாளும் போனார். அன்றும் முழங்கால் இடித்தது. அதற்கு அடுத்த நாளும். “மாப்ள, என் சீட்டை ஏன்டா தொடறே?” என்று போனில் சண்டை போட்டார். “நான் ஏன் மாமா உங்க சீட்டைத் தொடப்போறேன்? எனக்கு என் கடை ஸ்டூலே போதும்” என்று அவன் சத்தியம் செய்தான். முதல் நாளுக்குப் பிறகு ஒரு மாடிக்கு மேல் மாஸ்டரால் போக முடியவில்லை என்பதுதான் கொடுமை. பழகப் பழகப் பயம் வளர்ந்ததே தவிர, குறையவில்லை.

வீட்டிலோ ஒரே கொண்டாட்டம். மாஸ்டரம்மா ஸ்வெட்டர்களை வெளியே எடுத்து, அந்துருண்டை வாசம் போக மின்விசிறிக்குக் கீழே விரித்துப் போட்டாள். பிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றிச் சோதித்தாள். “ஜன்னல் பக்கத்துல நாற்காலி இருக்குமா, இல்ல கட்டிலை இழுத்துப் போடணுமா?” என்று அந்தத் தங்குமிடத்துத் தம்பியை மறுபடி மறுபடி போனில் உலுக்கினாள். மேகம் உள்ளே வந்தால் துணி நனையுமா என்று மகளோடு விவாதம் வேறு. அவள் உற்சாகத்தைப் பார்க்கப் பார்க்க மாஸ்டர் தன்னையே நொந்துகொண்டார். இவ்வளவு ஆசையையா இத்தனை வருஷம் ஒரு சொத்தைப் பல்லைச் சொல்லித் தட்டிக் கழித்தோம்! அதுவும் சொத்தை இல்லாத பல்லைச் சொல்லி!

வெள்ளிக்கிழமை விடிந்தது. மழை நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. மச்சினன் குடையோடு வழியனுப்ப வந்துவிட்டான். பைகள் ஏறின. மகள் பின் சீட்டில் சாய்ந்துகொண்டாள். மாஸ்டர் கடவுளை நினைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். கதவைத் திறந்தார். உட்கார்ந்தார். பெல்ட்டைப் போட்டார். நேராகச் சாலையைப் பார்த்தார்.

“ம், எடுங்க” என்றார்.

யாரும் எதையும் எடுக்கவில்லை.

மாஸ்டர் மெல்லத் திரும்பினார். பக்கத்தில் காலி சீட், அதன் முன்னால் ஸ்டியரிங். ஐயோ! பாழாய்ப்போன கால் இன்றைக்கும் அதே கதவுக்குத்தான் வந்திருக்கிறது. பழக்கமா, பயமா? அவருக்கே விளங்கவில்லை. மச்சினன் குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினான். மாஸ்டர் பெல்ட்டைக் கழற்றப் போனார். பக்கிள் கழன்று தொலைக்கவில்லை.

மாஸ்டரம்மா வெளியே நின்று, மழை சொட்டும் கண்ணாடி வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் மறைத்து வைத்ததெல்லாம் தன் முகத்தில் எழுதி ஒட்டியிருப்பதாக மாஸ்டருக்குப் பட்டது. அவ்வளவுதான், போச்சு என்று தலை குனிந்தார்.

வண்டியின் முன்னால் சுற்றிக்கொண்டு காலடிச் சத்தம் போனது. மறுபக்கக் கதவு திறந்தது. மாஸ்டரம்மா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். சீட்டுக்கு அடியில் கையை விட்டு, சரக்கென்று முன்னால் இழுத்துக்கொண்டாள். கண்ணாடியைத் திருத்தினாள்.

“வணக்கம் மாஸ்டர். பழைய மாணவி. மலைக்கு எடுக்கலாமா?”

மாஸ்டர் அந்த சீட்டையே பார்த்தார். முழங்கால் இடித்த காலைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

“நீயா?”

“அப்புறம்? மத்தியானம் நீங்க குறட்டை விடற நேரத்துல வேற யாரு?”

“எங்க பழகினே?”

“கடை மாடியிலதான். காலையில நீங்க, மத்தியானம் நாங்க” என்று பின்னாலிருந்து மகள் சொன்னாள். “காவலாளி மாமாதான் எங்களுக்கு விஷயத்தைச் சொன்னார். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அவர்கிட்ட சத்தியம் வாங்கிட்டோம். அம்மா மொட்டை மாடி வரைக்கும் போயிட்டாங்கப்பா.”

காவலாளியின் சிரிப்புக்கு அர்த்தம் மாஸ்டருக்கு இப்போதுதான் புரிந்தது.

சமவெளி முடிந்து பாதை நிமிர ஆரம்பித்தது. முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது. மாஸ்டரின் கண்கள் தாமாகவே அவள் பாதங்களுக்குப் போயின. “ரெண்டாவது கியர். இப்ப ஹார்ன். உள்பக்கமா ஒட்டாதே, அகலமா எடு... ம், அப்படித்தான்.” அடுத்த வளைவு. அதற்கடுத்த வளைவு. எதிரே வந்த லாரிகள் கூரையிலிருந்த ‘எல்’ போர்டைப் பார்த்ததும் பாறையோடு ஒட்டி நின்று மரியாதையாக வழி விட்டன. ஒரு லாரிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டே விட்டார். “பார்த்தியா, உனக்கு எவ்வளவு மரியாதை!” என்று மாஸ்டர் சிரித்தார்.

சிரித்த பிறகுதான் கவனித்தார். அவர் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே பாதாளம். எவ்வளவு நேரமாக அது அங்கே இருக்கிறதோ தெரியவில்லை. பார்க்க அவருக்கு நேரமே கிடைக்கவில்லை.

பாதிக்கு மேல் ஏறியபோது சோதனை வந்தது. முன்னே போன லாரி செங்குத்தான ஏற்றத்தில் சட்டென்று நின்றது. முறிந்த கிளை ஒன்றை யாரோ அப்புறப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒரு பஸ் வந்து ஒட்டிக்கொண்டது. மழை வலுத்தது. லாரி நகர்ந்தது. மாஸ்டரம்மா கை பிரேக்கை விட்டாள். வண்டி முன்னே போகவில்லை. மெல்ல, மிக மெல்ல, பின்னால் நழுவியது!

மாஸ்டரின் உடம்பு முழுவதும் அந்த வலது காலுக்கு இறங்கியது. ஆயிரம் மாணவர்களைக் காப்பாற்றிய கால்!

“காலை எடுங்க” என்றாள் அவள். சாலையை விட்டுப் பார்வையைத் திருப்பவில்லை. “நீங்க மிதிச்சா எஞ்சின் நின்னுடும். எடுங்க. நான் பார்த்துக்கறேன்.”

பிரேக் மாஸ்டர் என்று பெயரெடுத்த மனிதரிடம் இதைவிடப் பெரிதாக என்ன கேட்டுவிட முடியும்? அவர் பல்லைக் கடித்தார். இரண்டு பாதங்களையும் தூக்கி, சின்னப் பிள்ளைபோல் சீட்டின்மேல் மடக்கி வைத்துக்கொண்டார். “ஹாஃப் கிளட்ச்” என்று மட்டும் முணுமுணுத்தார். எஞ்சின் உறுமியது. வண்டி ஒரு கணம் தயங்கியது, பிறகு மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறியது. பின்னால் பஸ்காரர் பாராட்டுவதுபோல் ஹார்ன் அடித்தார். மகள் கை தட்டினாள்.

அகலமான ஒரு திருப்பத்தில் அவள் வண்டியை ஓரங்கட்டினாள். மகள் மழை ஜாக்கெட்டோடு படம் எடுக்க இறங்கினாள். வண்டிக்குள் வைப்பர் சத்தம் மட்டும்.

“எனக்கு... உயரம்னா...” என்று மாஸ்டர் ஆரம்பித்தார்.

“தெரியும்.”

“எப்ப இருந்து?”

“கல்யாணம் ஆன புதுசுல பல்பு மாத்தச் சொன்னேன்ல, அன்னையில இருந்து.”

“அப்புறம் ஏன் போன்ல எல்லார்கிட்டயும் பயம்னா என்னன்னே தெரியாதுன்னு...” மாஸ்டருக்குக் குரல் உடைந்தது.

அவள் பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினாள். “பொய்யா அது? ஓட்டவே தெரியாத ஆளு கையில ஸ்டியரிங்கைக் கொடுத்துட்டு, தினமும் பக்கத்துல உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டே வர்றீங்க. எனக்கெல்லாம் அந்தத் தைரியம் சத்தியமா வராதுங்க. ஸ்டூல்ல நான் ஏறிக்கறேன். கீழ நின்னு பிடிச்சுக்க நீங்க இருக்கீங்க. அது போதாதா?” பிறகு குரல் மாறியது. “ஆனா அந்தப் பல்லைப் பிடுங்கிட்டு வந்தீங்களே, அன்னைக்கு எனக்கு வந்த கோபம்! பல் போச்சேன்னு இல்ல. என்கிட்ட சொல்லலையேன்னு.”

மாஸ்டர் அழுதார். சிரித்துக்கொண்டே அழுதார். டம்ளரில் டீ தளும்பியது. ஜன்னலைத் தட்டிய மகள், “என்னாச்சு, அப்பா பிரேக் போட்டுட்டாரா?” என்று கேட்டாள்.

“இல்லடி, இன்னைக்கு ஒரு தடவைகூடப் போடலை” என்றாள் மாஸ்டரம்மா. போனில் அந்த வாசகத்தைச் சொல்லும்போது வரும் அதே வெளிச்சம், இம்மியும் குறையாமல், அவள் முகத்தில் இருந்தது.

சாயங்காலம் தங்குமிடத்தில் நாற்காலியை ஜன்னலருகே இழுத்துப் போட்டு அவள் உட்கார்ந்துவிட்டாள். வெளியே பள்ளத்தாக்கு ஆழமாக, பச்சையாகக் கிடந்தது. மாஸ்டர் அறையின் மறுகோடியில், கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தரையிலிருந்த கம்பளத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவள் கூப்பிடவில்லை. வற்புறுத்தவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து மேகம் எழும்பியது. மரங்கள் மறைந்தன, எதிர்மலை மறைந்தது, பள்ளத்தாக்கு முழுவதும் பால்போல் நிறைந்தது. பிறகு அது ஜன்னல் விளிம்பில் ஏறி, விருந்தாளிபோல் தயங்கி நின்று, மெல்ல உள்ளே வந்தது.

“என்னங்க! வந்துடுச்சுங்க! வந்துடுச்சு!” அவள் குழந்தைபோல் கத்தினாள்.

மாஸ்டர் தலை நிமிர்ந்தார். வெளியே ஆழம் இல்லை, பாதாளம் இல்லை. எங்கும் ஒரே வெள்ளை. அவர் எழுந்தார், ஒவ்வோர் அடியாக நடந்து வந்தார். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். விரல்கள் ஈரமாயின.

“அடுத்த வருஷமும் மழைக்காலத்துலயே வருவோம்மா” என்றார். “எனக்கு இதுதான் தோது.”

“வரலாமே. காலை எடுக்கச் சொன்னா உடனே எடுக்கணும், சம்மதமா?”

“சம்மதம். ஆனா அந்த ஏழாவது வளைவுல நீ லேட்டா கியர் மாத்தினே.”

“ஐயா சாமி!” என்று மகள் போர்வைக்குள்ளிருந்து கும்பிட்டாள்.